விஎஸ் கோடில் நாமே அமைத்த குறுக்குவிசை வேலை செய்யாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று இராமநாதபுரம் கடற்கரை நெடுகிலும் நிரல் எழுதக் கற்கும் பிள்ளைகளுக்கு முதலில் கைக்கு வரும் உண்மையான வேலை, பெரும்பாலும் யாரோ தட்டிவைத்த பட்டியலைச் சீர்செய்து கொடுப்பதாகத்தான் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது படகுப் பட்டியல்களைப் புதுப்பிக்கும் வேலை சூடுபிடிக்கும். ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும் பதிவெண்ணை ஒருவர் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டியிருப்பார். இன்னொருவர் இணைகோட்டுக்குப் பதிலாக இடைவெளி விட்டிருப்பார். மற்றொருவர் ஒரே பதிவெண்ணை இரண்டு வரிகளாக உடைத்திருப்பார். இதைக் கையால் திருத்தினால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் நல்ல குறுக்குவிசைகள் (ஒரு கட்டளையைச் சட்டென்று ஓட்டும் விசைச் சேர்க்கைகள்) அமைந்திருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இந்த வேலைக்காக நான் பரிந்துரைப்பவை நான்கு. வரிகளை இணைக்கும் ஜாயின் லைன்ஸ் கட்டளைக்குக் கண்ட்ரோல்+ஜே. பெரிய எழுத்தாக்கும் டிரான்ஸ்ஃபார்ம் டு அப்பர்கேஸ் கட்டளைக்கு ஆல்ட்+யு. வரிகளை அகரவரிசைப்படுத்தும் சார்ட் லைன்ஸ் அசெண்டிங் கட்டளைக்கு ஆல்ட்+எஸ். தெரிவு செய்த சொல்லை மேற்கோள் குறிகளுக்குள் அடைக்கும் ஸ்னிப்பெட் (முன்பே எழுதிவைத்த உரைத்துண்டு) ஒன்றுக்கு ஆல்ட்+க்யூ. விண்டோஸிலும் லினக்ஸிலும் இக்கட்டளைகளுக்கு விஎஸ் கோடு தானாக விசை எதையும் ஒதுக்குவதில்லை என்பதால் நாம்தான் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். கண்ட்ரோல்+கே, அதைத் தொடர்ந்து கண்ட்ரோல்+எஸ் அழுத்தினால் குறுக்குவிசைப் பட்டியல் திறக்கும். கட்டளையைத் தேடி, அதன்மேல் இருமுறை சொடுக்கி, வேண்டிய விசைகளை அழுத்தி எண்டர் கொடுத்தால் போதும். ஸ்னிப்பெட் போன்று கூடுதல் விவரம் கேட்கும் விதிகளை (எந்த விசைக்கு எந்தக் கட்டளை என்று சொல்லும் வரிகளை) மட்டும், அப்பட்டியலின் வலது மேல் மூலையில் உள்ள குறியைச் சொடுக்கித் திறக்கும் கீபைண்டிங்ஸ் ஜேசன் (keybindings.json) கோப்பில் எழுத வேண்டும்.

அமைத்த விசை வேலை செய்யாதபோது, வேறு விசை, அதுவும் இல்லையென்றால் இன்னொரு விசை என்று மாற்றிக்கொண்டே போவது பரவலாக நடக்கிறது. அப்படிச் செய்வதால் கோப்பில் பயனற்ற விதிகள் சேருமே தவிரப் பிழை எங்கே என்பது தெரியாது. ஒரு விசையழுத்தம் கீபோர்டிலிருந்து இயங்குதளத்துக்கும், அங்கிருந்து உள்ளீட்டு மொழிக்கும், பிறகு எடிட்டருக்கும், அங்கே விதிக்கும், விதியிலிருந்து கட்டளைக்கும், கடைசியாக உரைக்கும் போய்ச் சேர்கிறது. வழியில் எந்த இடத்தில் அது நின்றது என்று கண்டுபிடித்த பிறகுதான் எதிலும் கைவைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக: பதிவை ஓடவிடுங்கள்

அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் வசதி விஎஸ் கோடிலேயே இருக்கிறது. கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி (P) அழுத்திக் கமாண்ட் பேலட்டைத் திறந்து, டெவலப்பர்: டாகிள் கீபோர்ட் ஷார்ட்கட்ஸ் டிரபிள்ஷூட்டிங் என்ற கட்டளையை இயக்குங்கள். கீழே அவுட்புட் பலகம் திறந்து, நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசைக்கும் சில வரிகள் எழுதப்படும். உரையில் ஓர் இடத்தைச் சொடுக்கிவிட்டு, சிக்கல் தரும் விசையை ஒருமுறை மட்டும் அழுத்திப் படியுங்கள்.

அங்கே நான்கு விதமான பதில்களில் ஒன்று கிடைக்கும். வரி எதுவுமே வராமல் இருக்கலாம். விசை வந்தது, ஆனால் அதற்கு விதி ஒன்றும் இல்லை என்று வரலாம். விதி இருக்கிறது, ஆனால் அதன் நிபந்தனை பொருந்தவில்லை என்று வரலாம். இன்ன கட்டளை பொருந்தியது, அந்த விதி பயனரிடமிருந்து வந்தது என்றோ இயல்பாக உள்ளது என்றோ மூலத்துடன் வரலாம். கீழே உள்ள அறிகுறிகளை இந்தப் பதில்களோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதே கட்டளையை மறுபடி இயக்கிப் பதிவை நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி: விசையை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை, பதிவிலும் வரி இல்லை

விசையழுத்தம் எடிட்டர் வரை வரவில்லை என்பது இதன் பொருள். விதிகளில் தேடிப் பயன் கிடையாது.

நம் பக்கத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கீபோர்டையே. கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றும் ஈரமும் விசைகளின் அடியில் படிந்து, அதிகம் அழுத்தப்படும் கண்ட்ரோலும் ஷிஃப்ட்டும் சில சமயம் ஒட்டிக்கொள்ளும், சில சமயம் பதியவே பதியாது. விண்டோஸில், விண்டோஸ் விசையோடு கண்ட்ரோலும் ஓ-வும் அழுத்தினால் திரைக் கீபோர்டு வரும். நீங்கள் உண்மையான கீபோர்டில் அழுத்தும் விசை அதில் ஒளிரும். இடது கண்ட்ரோல் ஒளிராமல் வலது கண்ட்ரோல் ஒளிர்ந்தால் விடை கிடைத்துவிட்டது. விலை குறைந்த கீபோர்டுகள் சிலவற்றில் தனித்தனியாக எல்லா விசையும் சரியாக இருக்கும், ஆனால் குறிப்பிட்ட மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது பதியாது. இதற்கு இரண்டே விசை கொண்ட இணையைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. மேலே ஆல்ட்+யு, ஆல்ட்+க்யூ என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒட்டிக்கொண்ட ஷிஃப்ட் இன்னொரு தொல்லையையும் கொண்டுவரும். வலது ஷிஃப்ட்டை 8 விநாடி பிடித்திருந்தால் விண்டோஸ் ஃபில்டர் கீஸ் என்ற வசதியை இயக்கட்டுமா என்று கேட்கும். கவனிக்காமல் சம்மதம் கொடுத்துவிட்டால், அதன்பின் சட்டென்று அழுத்தும் விசைகள் எல்லாம் புறக்கணிக்கப்படும். எழுத்துகளே மெதுவாக, அழுத்திப் பிடித்தால்தான் விழுகின்றன என்றால் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் ஃபில்டர் கீஸையும் ஸ்டிக்கி கீஸையும் அணைத்துவிடுங்கள்.

கீபோர்டு நன்றாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது, அந்த விசையை வேறொரு நிரல் எடுத்துக்கொள்கிறதா என்பது. உபுண்டுவில் கண்ட்ரோல்+ஆல்ட்+டி (T) டெர்மினலைத் திறக்கும். கண்ட்ரோல்+ஆல்ட்+அம்புக்குறி பணியிடத்தை மாற்றும். இன்டெல் கிராஃபிக்ஸ் கொண்ட பழைய விண்டோஸ் மடிக்கணினிகளில் இதே கண்ட்ரோல்+ஆல்ட்+அம்புக்குறி திரையையே தலைகீழாகத் திருப்பிவிடும். விண்டோஸில் பல கர்சர்களை மேலும் கீழும் சேர்க்கும் விசையும் இதுவே என்பதால் புதியவர்கள் பதறிப்போகிறார்கள். கண்ட்ரோல்+ஆல்ட்+மேல் அம்புக்குறி அழுத்தினால் திரை நிமிரும். பிறகு இன்டெல் அமைப்பு நிரலில் அந்த விசைகளை அணைத்துவிடலாம். இயங்குதளத்தின் பிடியிலுள்ள விசையோடு போராடாமல், இயங்குதளத்தில் அதை விடுவிப்பது அல்லது எடிட்டரில் வேறு விசையைத் தேர்ந்தெடுப்பது என்ற இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள்.

எடிட்டரை உலாவியில் திறந்து பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வரி: கண்ட்ரோல்+டபிள்யூ, கண்ட்ரோல்+என், கண்ட்ரோல்+டி (T) ஆகியவற்றுக்கு உலாவி தானே வேலை வைத்திருக்கிறது, அவற்றை நம்பி எதையும் அமைக்க வேண்டாம்.

அறிகுறி: தமிழில் தட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும் விசை வேலை செய்யவில்லை, அல்லது விசையை அழுத்தியதும் மொழி மாறிவிடுகிறது

தமிழும் ஆங்கிலமும் கலந்து தட்டும் யாருக்கும் இது வராமல் இருப்பதில்லை. மீன் பெயரைத் தமிழிலும் பதிவெண்ணை ஆங்கிலத்திலும் தட்டும்போது மொழி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளை நிறுவியதும் இடது ஆல்ட்+ஷிஃப்ட் மொழி மாற்றும் விசையாகிவிடும். தெரிவு செய்த ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு கர்சரை வைக்கும் ஷிஃப்ட்+ஆல்ட்+ஐ போன்ற விசையை அழுத்தப்போகும்போது, மூன்றாவது விரல் விழுவதற்குள் கை எடுபட்டால் மொழி மாறிவிடும். அடுத்து நீங்கள் அழுத்தும் எழுத்து தமிழாக விழும். லினக்ஸிலும் ஆல்ட்+ஷிஃப்ட்டை மொழி மாற்றத்துக்கு வைத்திருந்தால், பல கணினிகளில் ஷிஃப்ட்டும் ஆல்ட்டும் சேர்ந்த குறுக்குவிசைகள் ஒட்டுமொத்தமாகக் கெட்டுப்போவதைக் காணலாம்.

தீர்வு எளிது. விண்டோஸின் அமைப்புகளில் டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்ட் கீபோர்ட் செட்டிங்ஸ் வழியாக இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் என்ற பெட்டியைத் திறந்து, மொழி மாற்றும் விசைக்கு நாட் அசைன்ட் என்று வைத்துவிடுங்கள். விண்டோஸ் விசை+இடைவெளி விசை வழக்கம்போல மொழி மாற்றும். லினக்ஸிலும் மொழி மாற்றத்தை அதே இணைக்குக் கொண்டுபோய்விட்டால் ஆல்ட்+ஷிஃப்ட் முழுவதும் எடிட்டருக்குக் கிடைக்கும்.

மொழி மாறவில்லை, ஆனால் தமிழ் உள்ளீடு இயங்கும்போது குறுக்குவிசை தூங்குகிறது என்றால் பதிவில் கீகோடு என்ற இடத்தைப் பாருங்கள். 229 என்று இருந்தால், உள்ளீட்டு மென்பொருள் அந்த விசையைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆங்கில உள்ளீட்டுக்கு மாறி அழுத்தினால் விதி ஓடும். விசை வருகிறது, ஆனால் வேறு எழுத்தாகப் படிக்கப்படுகிறது என்றால், விதியில் எழுத்தின் பெயரை எழுதாமல் விசை இருக்கும் இடத்தின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதலாம். தமிழ் 99 அமைப்பில் க்யூ இருக்கும் இடத்தில் ஆ இருக்கிறது, யு இருக்கும் இடத்தில் ற இருக்கிறது. இடத்தின் பெயரால் எழுதிய விதிக்கு இந்த வேறுபாடு பொருட்டே இல்லை. இரு மொழியிலும் தட்டுபவர்கள் தம் முக்கியமான விதிகளை இம்முறையில் எழுதிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றியது போன்று விசைகளையே இடம் மாற்றி வைத்திருக்கும் லினக்ஸ் பயனர்களுக்கு, மாற்றம் எல்லா நிரலிலும் வேலை செய்து விஎஸ் கோடில் மட்டும் வேலை செய்யாமல் இருந்தால், அமைப்புகளில் கீபோர்ட் டிஸ்பேட்ச் என்பதைக் கோடு என்பதிலிருந்து கீகோடு என்று மாற்றி எடிட்டரை மூடித் திறக்க வேண்டும்.

ரூபாய்க் குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸில் இங்கிலீஷ் இந்தியா கீபோர்டில் கண்ட்ரோல்+ஆல்ட்+4 அழுத்தினால் ₹ விழும். விலைப்பட்டியல் தட்டுபவர் அதே இணையை ஒரு கட்டளைக்கும் கொடுத்தால் இரண்டும் மோதும்: ஒன்று ₹ விழாது, அல்லது கட்டளை ஓடாது. பொதுவாகவே விண்டோஸில் கண்ட்ரோல்+ஆல்ட் இணைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

அறிகுறி: விசை வருகிறது, ஆனால் அதற்கு விதியே இல்லை என்று பதிவு சொல்கிறது

எழுதிய விதியை எடிட்டர் படிக்கவில்லை. கீபைண்டிங்ஸ் ஜேசன் கோப்பைத் திறந்து சிவப்பு அடிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு விதிகளுக்கு இடையே காற்புள்ளி விடுபட்டிருப்பதுதான் அதிகம் காணும் பிழை. அடுத்தது, நண்பர் அனுப்பிய விதியை வேர்ட் கோப்பு வழியாகவோ கைபேசி வழியாகவோ கொண்டுவந்து ஒட்டும்போது நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறிவிடுவது. கண்ணுக்கு அழகாக இருந்தாலும் ஜேசன் அவற்றை மேற்கோளாக ஏற்காது. அக்குறிகளை அழித்துவிட்டு எடிட்டரிலேயே புதிதாகத் தட்டுங்கள்.

கோப்பு சரி, ஆனால் நேற்று வரை இருந்த விதிகள் ஒட்டுமொத்தமாகக் காணவில்லை என்றால் ப்ரொஃபைல் (அமைப்புகளின் தனித் தொகுப்பு) மாறியிருக்கும். குறுக்குவிசைகள் ப்ரொஃபைலுக்கு ப்ரொஃபைல் தனித்தனியாக வைக்கப்படுகின்றன. இடது கீழ் மூலையிலுள்ள பற்சக்கரக் குறியைச் சொடுக்கி எந்த ப்ரொஃபைலில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். வீட்டில் விண்டோஸிலும் பயிற்சி மையத்தில் லினக்ஸிலும் வேலை செய்கிறவர்கள், ஒத்திசைவு இயங்கியும் விசைகள் வந்து சேரவில்லை என்று கேட்பதுண்டு. இயங்குதளம் வாரியாகத்தான் குறுக்குவிசைகள் ஒத்திசைக்கப்படும் என்பதே இயல்பான அமைப்பு. அமைப்புகளில் செட்டிங்ஸ் சின்க்: கீபைண்டிங்ஸ் பெர் பிளாட்ஃபார்ம் என்பதை அணைத்தால் எல்லாக் கணினிக்கும் ஒரே தொகுப்பு வரும்.

அறிகுறி: ஒரு கோப்பில் ஓடுகிறது, இன்னொன்றில் ஓடவில்லை

பதிவில், விதிகள் உண்டு, நிபந்தனை பொருந்தவில்லை என்று வரும். விதியின் வென் (when) பகுதியில் நாம் வைத்த நிபந்தனையைத்தான் இது குறிக்கிறது.

மிக எளிய நிலை, கர்சர் உரையில் இல்லாமல் தேடல் பெட்டியிலோ டெர்மினலிலோ பக்கப் பலகத்திலோ இருப்பது. எடிட்டர் டெக்ஸ்ட் ஃபோகஸ் என்ற நிபந்தனை அங்கே பொருந்தாது, பொருந்தவும் கூடாது. கண்ட்ரோல்+ஜே இயல்பாகக் கீழ்ப் பலகத்தைத் திறந்து மூடும் விசை. வரிகளை இணைக்க அதை எடுத்துக்கொள்ளும்போது இந்த நிபந்தனையை வைத்தால், உரைக்குள் இருக்கும்போது வரி இணையும், வெளியே இருக்கும்போது பலகம் திறக்கும். நிபந்தனையை முழுவதுமாக நீக்கிவிடுவது தீர்வாகத் தோன்றும், செய்யாதீர்கள்.

இதில் கண்டுபிடிக்கக் கடினமானது மொழி நிபந்தனை. படகுப் பட்டியல் சிஎஸ்வி (காற்புள்ளியால் பத்திகளைப் பிரிக்கும்) கோப்பாக இருக்கும். கூடுதல் நீட்சி (எடிட்டரில் சேர்க்கும் துணை மென்பொருள்) எதுவும் இல்லாத விஎஸ் கோடு அதைச் சாதாரண உரையாகத் திறக்கும். விதியிலும் பிளெயின்டெக்ஸ்ட் என்று எழுதியிருப்பீர்கள், எல்லாம் நன்றாக ஓடும். பின்னொரு நாள் பத்திகளை வண்ணத்தில் காட்டும் நீட்சி ஒன்றை நிறுவுவீர்கள். அன்றிலிருந்து கோப்பின் மொழி சிஎஸ்வி ஆகிவிடும், விதி நின்றுவிடும், நீட்சிக்கும் குறுக்குவிசைக்கும் தொடர்பு உண்டு என்று யாருக்கும் தோன்றாது. வலது கீழ் மூலையில் நிலைப்பட்டையில் மொழியின் பெயர் எழுதியிருக்கும், அதைப் பார்த்து விதியைத் திருத்துங்கள். இரு மொழிக்கும் ஓட வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனைகளை அல்லது என்று பொருள்படும் இரட்டை நெடுங்கோட்டால் இணைக்கலாம்.

அறிகுறி: வேறு ஏதோ நடக்கிறது

பதிவு எந்தக் கட்டளை பொருந்தியது என்று காட்டும். விதிகளை எடிட்டர் கீழிருந்து மேலாகப் பார்த்து, விசையும் நிபந்தனையும் பொருந்தும் முதல் விதியை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். பயனர் விதிகள் இயல்பு விதிகளுக்கும் நீட்சிகளின் விதிகளுக்கும் கீழே சேர்க்கப்படுவதால் நம் விதிக்கே முன்னுரிமை. நம் கோப்புக்குள்ளேயே ஒரே விசைக்கு இரண்டு விதிகள் இருந்தால் கீழே இருப்பது வெல்லும். குறுக்குவிசைப் பட்டியலில் உங்கள் விதியை வலது சொடுக்கி ஷோ சேம் கீபைண்டிங்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்த விசைக்கு உரிமை கேட்கும் எல்லாக் கட்டளைகளும் வரிசையாக வரும். வேண்டாத இயல்பு விதியை அங்கேயே நீக்கலாம்; நீக்கியதும் உங்கள் கோப்பில் கட்டளைப் பெயருக்கு முன்னால் கழித்தல் குறியுடன் ஒரு வரி சேர்ந்திருக்கும். அந்த வரியைக் குப்பை என்று நினைத்து அழித்தால் பழைய விசை திரும்பி வந்துவிடும்.

ஆல்ட்+எஸ் அழுத்தினால் வரிகள் வரிசைப்படாமல் மேலே செலக்ஷன் மெனு திறந்தால் காரணம் வேறு. விண்டோஸிலும் லினக்ஸிலும் மெனுப் பெயர்களின் எழுத்துகளுக்கு ஆல்ட் இணைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அமைப்புகளில் விண்டோ: எனேபிள் மெனு பார் நெமோனிக்ஸ் என்பதை அணைத்தால் அவை எடிட்டர் கட்டளைகளுக்குக் கிடைக்கும்.

இரட்டை அழுத்தங்களும் குழப்பும். கண்ட்ரோல்+கே என்பதைத் தனியாக ஒரு கட்டளைக்குக் கொடுத்தால், கண்ட்ரோல்+கே-யில் தொடங்கும் எல்லா இரட்டை அழுத்தங்களும், குறுக்குவிசைப் பட்டியலைத் திறக்கும் விசை உட்பட, செயலிழக்கும். மறுபக்கமாக, கண்ட்ரோல்+யு கண்ட்ரோல்+யு என்று புதிய இரட்டை அழுத்தம் ஒன்றை அமைத்தால், கர்சரை முந்தைய இடத்துக்குக் கொண்டுபோகும் பழைய கண்ட்ரோல்+யு உடனே ஓடாது; இரண்டாவது விசைக்காகக் காத்திருப்பதாக நிலைப்பட்டையில் செய்தி வரும். புதிய இரட்டை அழுத்தங்களை ஏற்கெனவே காத்திருக்கும் பழக்கமுள்ள கண்ட்ரோல்+கே-யின் கீழ் அமைப்பதே பாதுகாப்பு.

அறிகுறி: சரியான கட்டளைதான் ஓடுகிறது, ஆனால் உரை சரியாக மாறவில்லை

பதிவில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பிழை உரைக்கும் கட்டளைக்கும் இடையே இருக்கும். பொறுமையாகப் பார்க்க வேண்டிய பகுதி இது.

ஆல்ட்+யு அழுத்துகிறீர்கள், பதிவெண்ணில் ஐஎன்டி மட்டும் பெரிய எழுத்தாகிறது, பின்னால் உள்ள டிஎன்னும் எம்எம்மும் சிறிய எழுத்தாகவே நிற்கின்றன. தெரிவு எதுவும் இல்லாதபோது கர்சர் நிற்கும் சொல்லை மட்டுமே இக்கட்டளை மாற்றும். எடிட்டருக்கு இணைகோடு சொல்லின் எல்லை. வரி முழுவதையும் தெரிவு செய்ய கண்ட்ரோல்+எல் அழுத்திவிட்டு ஆல்ட்+யு அழுத்துங்கள். எப்போதுமே வரி முழுவதும்தான் வேண்டும் என்றால், ரன் கமாண்ட்ஸ் என்ற கட்டளையின் கீழ் இரண்டையும் வரிசையாக எழுதி ஒரே விசையில் அடக்கலாம். 2023-இல் சேர்க்கப்பட்ட வசதி இது, அதற்கு முந்தைய பதிப்பில் இருக்காது. தமிழ்ச் சொல்லின்மேல் ஆல்ட்+யு அழுத்தி ஒன்றும் மாறவில்லையே என்று தேடுபவர்களும் உண்டு. தமிழ் எழுத்துக்குப் பெரியது சிறியது இல்லை என்பதால் மாறுவதற்கு அங்கே எதுவுமில்லை.

ஆல்ட்+க்யூ அழுத்தியதும் தெரிவு செய்த சொல் மறைந்து, அந்த இடத்தில் மேற்கோள்களுக்குள் ஏதோ ஆங்கிலப் பெயர் வந்து நின்றால், ஸ்னிப்பெட்டில் மாறியின் பெயரை எழுத்துப்பிழையுடன் எழுதியிருக்கிறீர்கள். தெரிவு செய்த உரையைக் குறிக்கும் மாறி டாலர் குறியில் தொடங்கி, டிஎம், செலக்டட், டெக்ஸ்ட் ஆகிய மூன்று சொற்களும் பெரிய எழுத்தில், இடையிடையே அடிக்கோட்டுடன் வரும். தெரியாத மாறியைக் கண்டால் எடிட்டர் பிழை என்று சொல்லாமல் அந்தப் பெயரையே உரையில் இட்டுவிடும். பெயர் சரியாக இருந்தும் வெறும் மேற்கோள்கள் மட்டும் விழுந்தால் தெரிவு இல்லாமல் அழுத்தியிருக்கிறீர்கள்; எடிட்டர் ஹேஸ் செலக்ஷன் என்பதையும் நிபந்தனையில் சேர்த்துவிட்டால் அது நடக்காது. ஜேசனுக்குள் இரட்டை மேற்கோளையே எழுத வேண்டியிருப்பதால் அதன் முன் ஒரு பின்சாய்வுக்கோடு வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இடைவெளிகளை இணைகோடாக மாற்றும் ஸ்னிப்பெட்டை அமைத்தால், முதல் இடைவெளி மட்டும் மாறி மற்றவை அப்படியே நிற்பதைக் காணலாம். மாற்று விதியின் கடைசிச் சாய்வுக்கோட்டுக்குப் பின்னால் ஜி என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் முதல் பொருத்தத்தோடு நின்றுவிடும்.

இனித் தமிழுக்கே உரிய சிக்கல். கர்சரைப் படகு என்ற சொல்லில் வைத்துக் கண்ட்ரோல்+டி (D) அழுத்திக்கொண்டே போனால் அடுத்தடுத்த படகு எல்லாம் தெரிவாகும். படகுகள், படகுக்கு ஆகியவை விடுபடும். தெரிவு இல்லாமல் தொடங்கினால் முழுச்சொல்லாகப் பொருந்துவதை மட்டுமே எடிட்டர் தேடும். நீங்களே ப முதல் கு வரை தெரிவு செய்துகொண்டு தொடங்கினால், தேடல் பெட்டியில் முழுச்சொல் பொருத்தம் இயங்காமல் இருக்கும் வரை, படகுகளும் சேரும். படகில், படகை ஆகியவை அப்போதும் சேரா. அவற்றில் உகரக் குறி இல்லை. அவற்றுக்குத் தேடல் பெட்டியே சரியான கருவி. அதில் படக என்று மட்டும் தட்டினால், உகரம், இகரம், ஐகாரம் எது ஏறியிருந்தாலும் அகப்படும்.

கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும் சொற்களில் சில மட்டும் தெரிவாகி, சில விடுபட்டால், எழுத்துகளின் உள்ளமைப்பு வேறாக இருக்கும். கொடுவா என்பதில் உள்ள கொ-வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, எடிட்டருக்கு வெவ்வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியல்களிலும், வெவ்வேறு பேர் வெவ்வேறு மென்பொருளில் தட்டிய பட்டியல்களிலும் இதை எதிர்பார்க்கலாம். ஸ்ரீ என்ற எழுத்தும் இப்படித்தான்: ஸ-வில் தொடங்கியும் ஶ-வில் தொடங்கியும் எழுதப்பட்டு, ஒரே வடிவில் தெரியும். விடுபட்ட சொல்லிலிருந்து அந்த எழுத்தை நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டி, மாற்றும் பெட்டியில் நீங்கள் புதிதாகத் தட்டிய அதே எழுத்தை இட்டு, எல்லாவற்றையும் மாற்றுங்கள். கொ, கோ, கௌ வரிசைகளுக்கு இதைத் தனித்தனியே செய்த பிறகு கண்ட்ரோல்+டி எதையும் விடாது. ஒரே படகின் உரிமையாளர் பெயர் இரண்டு பேராக எண்ணப்படும் பிழைகூட இங்கிருந்து வரக்கூடும் என்பதால், வரிசைப்படுத்துவதற்கும் இரட்டை வரிகளை நீக்குவதற்கும் முன்னால் இந்தச் சீர்செய்தலைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

ரன் கமாண்ட்ஸ் வழியாகப் பல கட்டளைகளை ஒரே விசையில் கோத்தவர்கள், கண்ட்ரோல்+இசட் ஒருமுறை அழுத்தியும் உரை பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை என்று கண்டால் கவலைப்பட வேண்டாம். உள்ளே ஓடிய திருத்தங்கள் தனித்தனிப் படிகளாகப் பதிவாகியிருக்கலாம், திரும்பும் வரை மறுபடி அழுத்துங்கள்.

அறிகுறி: மேலே சொன்ன எதிலும் அடங்கவில்லை

நீட்சி ஒன்று குறுக்கே நிற்கிறது என்று கொள்ளுங்கள். விம் போன்ற நீட்சிகள் கண்ட்ரோல் இணைகள் பலவற்றைத் தாமே எடுத்துக்கொள்ளும். கமாண்ட் பேலட்டில் ஹெல்ப்: ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் என்பதை இயக்கினால், எடிட்டர் நீட்சிகளில் பாதியை அணைத்துவிட்டு, சிக்கல் இன்னும் இருக்கிறதா என்று கேட்கும், உங்கள் பதிலைப் பொறுத்து மீதியை மறுபடி பாதியாக்கி, கடைசியில் காரணமான நீட்சியின் பெயரைச் சொல்லும். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்வதற்கு முன் அதே கோப்பில், அதே வரியில், அதே விசையை அழுத்திப் பாருங்கள். நீட்சி அகப்பட்ட பிறகு அதை நீக்க வேண்டியதில்லை. குறுக்குவிசைப் பட்டியலில் அதன் பெயரைத் தேடி, உங்கள் விசையோடு மோதும் விதியை மட்டும் நீக்கிவிட்டுத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.